தண்டுவடக் காயத்துக்குப் பின் தீவிர இயக்கப் பயிற்சி: வீட்டாருக்கு ஒரு முழு வழிகாட்டி

எங்கள் பயிற்சிக் கூடத்துக்கு வருகிற ஒவ்வொருவருக்கும் முதல் நாளே ஒரு நாற்பது பக்க நோட்டு கொடுத்துவிடுவேன். தென்னை மரத்திலிருந்து விழுந்து, டி10 மட்டத்தில், அதாவது மார்புப் பகுதியின் கீழ்ப்பக்கத்தில், தண்டுவடம் அடிபட்டு வந்த ஒரு தம்பியின் நோட்டில் முதல் வரி இது: "கை ஊன்றாமல் உட்கார்ந்தது 4 விநாடி." அவனுடைய அம்மா அதை எட்டிப் பார்த்துவிட்டு, "இதையெல்லாமா சார் எழுதுவீங்க? எம்புள்ள எப்ப நடப்பான், அதைச் சொல்லுங்க" என்றார். அன்றைக்கு அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. 4 விநாடியை 40 ஆக்குவது எப்படி என்று மட்டும் தெரியும். அந்த வழியைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன். உங்கள் வீட்டில் யாருக்காவது இப்படி அடிபட்டிருந்தால், பயிற்சி தொடங்கும் முன் ஒருமுறை முழுவதும் படித்துவிடுங்கள்.

முதலில், தீவிர இயக்கப் பயிற்சி என்றால் என்ன? பழைய முறையில் வேலை செய்கிற தசைகளைப் பலப்படுத்துவோம். கை நன்றாக இருந்தால் கையை வைத்தே வீல்சேர், குளியல், உடை மாற்றுதல் எல்லாம் கற்றுக்கொடுப்போம். அது இன்றைக்கும் தேவை, அதை விட்டுவிடக் கூடாது. அதோடு சேர்த்து, காயத்துக்குக் கீழே உள்ள உடம்பையும் சும்மா விடாமல், அதன் மேல் எடை ஏற்றி, நிற்கவைத்து, அடியெடுக்கவைத்து, ஒரே அசைவை நூற்றுக்கணக்கான முறை செய்யவைப்பதுதான் இந்த முறை.

இதற்குப் பின்னால் ஒரு பழைய கண்டுபிடிப்பு இருக்கிறது. தண்டுவடம் மூளையின் கட்டளையைக் கொண்டுபோகும் வெறும் கம்பி கிடையாது. நடைக்கான தாளத்தை உண்டாக்கும் நரம்பு வலை அதன் கீழ்ப்பகுதியிலேயே இருக்கிறது. மார்புப் பகுதியில் தண்டுவடம் துண்டிக்கப்பட்ட பூனைகளை டிரெட்மில்லில் தாங்கிப் பிடித்துப் பயிற்சி கொடுத்தபோது, பின்னங்கால்கள் மறுபடி அடியெடுத்து வைத்தன. நிற்க மட்டுமே பழக்கிய பூனைகளுக்கு நிற்க வந்தது, அடியெடுப்பது சரியாக வரவில்லை. எதைப் பழக்குகிறோமோ அதையே தண்டுவடம் கற்றுக்கொள்கிறது. மனிதனுக்கு இது அப்படியே பொருந்தாது. இரண்டு காலில் நிற்கும் நமக்கு மூளையிலிருந்து கொஞ்சமாவது செய்தி கீழே போய்ச் சேர வேண்டும். அதனால்தான் காயம் முழுமையானதா, பகுதியானதா என்ற கேள்வி எல்லாவற்றுக்கும் முன்னால் வருகிறது.

முதல் படி: காயத்தைப் படித்துத் தெரிந்துகொள்ளுங்கள்

டிஸ்சார்ஜ் தாளில் "எலும்பு முறிவு, ஆபரேஷன் செய்யப்பட்டது" என்று மட்டும் இருந்தால் போதாது. மருத்துவரிடம் "ஏஷியா சார்ட்" கேட்டு வாங்குங்கள். ஒரே பக்கத்தாள்தான். உடம்பின் இரு பக்கமும் 10 முக்கியத் தசைகளின் பலம் 0 முதல் 5 வரை மதிப்பெண்ணாக இருக்கும். கைகளுக்கு 50, கால்களுக்கு 50, ஆக 100. கூடவே பஞ்சின் தொடுதலும் குண்டூசியின் குத்தலும் எங்கெங்கே தெரிகிறது என்ற வரைபடம் இருக்கும்.

அதன் முடிவில் ஓர் எழுத்து வரும். ஏ என்றால் ஆசனவாயைச் சுற்றியுள்ள கடைசி நரம்புப் பகுதியில் உணர்வும் இல்லை, இயக்கமும் இல்லை. பி என்றால் அங்கே உணர்வு இருக்கிறது, கீழே இயக்கம் இல்லை. சி என்றால் இயக்கமும் கொஞ்சம் இருக்கிறது, ஆனால் காயத்துக்குக் கீழே உள்ள முக்கியத் தசைகளில் பாதிக்கு மேல் 3-க்கும் குறைவான பலத்தில் இருக்கின்றன. டி என்றால் பாதியாவது 3 அல்லது அதற்கு மேல். ஈ என்றால் எல்லாம் இயல்பு. ஏ முழுமையான காயம்; பி, சி, டி பகுதிக் காயம். ஆசனவாய்ப் பரிசோதனையைச் சில இடங்களில் கூச்சத்தால் தவிர்த்துவிடுகிறார்கள். அது இல்லாமல் ஏ-யா, பி-யா என்று யாராலும் சொல்ல முடியாது. தயங்காமல் கேளுங்கள்.

மட்டமும் முக்கியம். இங்கே எழுத்தும் எண்ணும் சேர்ந்து வரும்: சி கழுத்து, டி மார்பு, எல் கீழ்முதுகு, எஸ் அதற்கும் கீழே. சி5 இருந்தால் முழங்கை மடங்கும், சி6-இல் மணிக்கட்டு மேலே தூக்கும், சி7-இல் முழங்கை நீளும், எல்2 இடுப்பை மடக்கும், எல்3 முழங்காலை நீட்டும், எஸ்1 குதிகாலை உயர்த்தும். எந்தத் தசைக்கு எத்தனை மதிப்பெண் என்று நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள். திரும்ப வருகிற பலத்தில் பெரும்பகுதி முதல் 6 முதல் 9 மாதங்களில் வரும். பிறகு வேகம் குறையும், சிலருக்கு ஓரிரு வருடம் வரை சிறு மாற்றங்கள் தொடரும். அதனால் ஆரம்ப மாதங்களைப் படுக்கையில் கழித்துவிடாதீர்கள்.

இரண்டாம் படி: தொடங்கும் முன் சரிபார்க்க வேண்டியவை

ஆபரேஷன் செய்த மருத்துவரிடம் மூன்று கேள்விக்கு எழுத்தில் பதில் வாங்குங்கள். முதுகெலும்பு நிலையாகிவிட்டதா, பெல்ட் எத்தனை வாரம், முறுக்கவும் குனியவும் என்ன கட்டுப்பாடு? பிறகு கால்களைப் பாருங்கள். ஒரு கால் மட்டும் திடீரென வீங்கிச் சூடாக இருந்தால் ரத்தக்கட்டாக இருக்கலாம். முதல் மூன்று மாதத்தில் இந்த ஆபத்து அதிகம். அந்தக் காலை நீவிவிடவே கூடாது, அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். எண்ணெய் தேய்த்து உருவினால் சரியாகும் என்று சொல்லும் சொந்தக்காரர்களை அன்போடு தள்ளி நிறுத்துங்கள்.

அடிபட்டு ஒரு வருடத்துக்கு மேல் ஆகியும் நிற்காமலே இருந்தவர் என்றால் எலும்பு அடர்த்தியைச் சோதித்த பிறகே நிற்கவைக்க வேண்டும். முழங்காலுக்குச் சற்று மேலும் கீழும் எலும்பு மெலிந்து, சாதாரணமாகக் காலைத் திருப்பும்போதுகூட உடையக்கூடும். வலி தெரியாது. வீக்கம், சூடு, வழக்கத்தைவிட அதிகமான இழுப்பு (தசை தானாக இறுகித் துடிப்பது), இவைதான் அறிகுறி.

படுக்கைப்புண் இருந்தால், அந்த இடத்தில் எடை விழும் பயிற்சியெல்லாம் நிறுத்தம். இதில் சமரசம் கிடையாது. புட்டத்தில் இருந்த ஒரு ரூபாய் அளவுப் புண்ணைப் பொருட்படுத்தாமல் பயிற்சிக்கு வந்தவர், அதன் பிறகு மாதக்கணக்கில் குப்புறப் படுத்தே கிடந்ததைப் பார்த்திருக்கிறேன்.

மூன்றாம் படி: தோல், சிறுநீர், மலம்

பயிற்சியைப் பற்றிக் கேட்க வந்தவருக்கு இந்தப் பகுதி சலிப்பாக இருக்கும். ஆனால் நான் பார்த்தவரை, பயிற்சியைப் பாதியில் விட்டவர்களில் பெரும்பாலோர் புண்ணாலும் சிறுநீர்த் தொற்றாலும்தான் விட்டார்கள்.

படுக்கையில் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவையுங்கள். வீல்சேரில் 15 முதல் 30 நிமிடத்துக்கு ஒருமுறை முன்பக்கமாகவோ பக்கவாட்டிலோ சாய்ந்து, ஏறத்தாழ 2 நிமிடம் அப்படியே இருக்கப் பழக்குங்கள். கையை ஊன்றி உடம்பைத் தூக்குவதை மட்டுமே நம்பினால் தோள் சீக்கிரம் தேய்ந்துபோகும். காலையும் இரவும் ஒரு கண்ணாடியை வைத்து வால் எலும்பு, புட்டம், இடுப்பின் இரு பக்கம், குதிகால், கணுக்கால் எல்லாம் பாருங்கள். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுங்கள். வெளுத்துத் திரும்பச் சிவந்தால் கவனமாக இருந்தால் போதும். அழுத்தியும் வெளுக்கவில்லை என்றால் புண் ஆரம்பித்துவிட்டது. கறுத்த தோலில் சிவப்பு தெரியாது. சுற்றியுள்ள இடத்தைவிடச் சூடாகவோ கெட்டியாகவோ இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள்.

சிறுநீருக்கு, மருத்துவர் அனுமதித்தால், நிரந்தரக் குழாயைவிட வேளாவேளைக்குச் சுத்தமான குழாய் விட்டு எடுப்பது நல்லது. 4 முதல் 6 மணி நேரத்துக்கு ஒருமுறை, ஒரு தடவைக்கு 500 மில்லிக்கு மேல் சேராமல். பயிற்சிக்கு 15 நிமிடம் முன்பு ஒருமுறை எடுத்துவிடுங்கள். மலம் கழிக்கத் தினமும், அல்லது ஒருநாள் விட்டு ஒருநாள், ஒரே நேரம். சாப்பிட்டு 20, 30 நிமிடம் கழித்து உட்கார்ந்தால் குடல் தானாகவே அசையும். இந்த நேரம் பழகிவிட்டால், பயிற்சியில் இருக்கும்போது உடை நனைந்துவிடுமோ என்ற பயம் போய்விடும். அந்தப் பயம் போன பிறகு ஒரு மனிதர் எவ்வளவு துணிந்து உடம்பை அசைக்கிறார் என்பதைப் பார்க்க வேண்டும்.

நான்காம் படி: "தலை ஒரு மாதிரி இருக்கு"

இந்த ஒரே வாக்கியம் ஒன்றுக்கொன்று எதிரான இரண்டு ஆபத்தைக் குறிக்கலாம். தவறாகப் புரிந்துகொண்டால் உயிருக்கே ஆபத்து. அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

முதல் வகை, ரத்த அழுத்தம் இறங்குவது. நாள்கணக்கில் படுத்தே இருந்தவரை உட்காரவைத்தால் முகம் வெளுக்கும், கண் இருட்டும், பேச்சு குழறும். உடனே படுக்கவைத்துக் காலைத் தூக்கிப் பிடியுங்கள். இது நேராமலிருக்க வயிற்றில் பெல்ட், காலில் இறுக்கமான காலுறை போட்டு, சாய்வுப் பலகையில், அதாவது டில்ட் டேபிளில், 15, 20 டிகிரியாக உயர்த்த வேண்டும். ஒவ்வொரு நிலையிலும் சில நிமிடம் நிறுத்தி அழுத்தத்தைப் பாருங்கள். கழுத்தில் அடிபட்டவருக்கு 90, 100 என்ற மேல் அழுத்தமே இயல்பாக இருக்கலாம். அவருடைய இயல்பு என்ன என்பதை நோட்டில் எழுதி வையுங்கள்.

இரண்டாவது வகை, அழுத்தம் திடீரென எகிறுவது. டி6 மட்டத்திலோ அதற்கு மேலோ காயம் உள்ளவர்களுக்கு வரும். கழுத்தில் அடிபட்ட ஓர் அண்ணன் சாய்வுப் பலகையில் நின்றுகொண்டிருந்தார். "தலை இடிக்குது தம்பி" என்றார். நெற்றி வியர்த்திருந்தது, முகமும் கழுத்தும் சிவந்திருந்தன. வழக்கமாக 100 இருக்கும் அழுத்தம் 160. மயக்கம் என்று நினைத்துப் படுக்கவைத்திருந்தால் அழுத்தம் இன்னும் ஏறியிருக்கும். குனிந்து பார்த்தேன். சிறுநீர்ப் பையின் குழாய் முழங்கால் பட்டைக்கு அடியில் மடங்கி நசுங்கியிருந்தது. பட்டையைத் தளர்த்தியதும் சரசரவென்று பை நிரம்பியது. சில நிமிடத்தில் அழுத்தம் இறங்கியது.

இந்த நிலையில் செய்ய வேண்டியது: நிமிர்ந்து உட்காரவைத்துக் காலைத் தொங்கவிடுங்கள். பெல்ட், காலுறை, இறுக்கமான உடை எல்லாம் தளர்த்துங்கள். சிறுநீர்க் குழாயைப் பாருங்கள், குழாய் இல்லாதவருக்கு உடனே விட்டு எடுங்கள். பிறகு மலம் தேங்கியிருக்கிறதா, எங்காவது புண், நகம் உள்நோக்கி வளர்ந்திருக்கிறதா என்று தேடுங்கள். 2 முதல் 5 நிமிடத்துக்கு ஒருமுறை அழுத்தம் பாருங்கள். 150-க்குக் கீழே இறங்கவில்லை என்றால் ஆஸ்பத்திரிதான். வெளுத்த முகம் என்றால் படுக்க, தலைவலியோடு சிவந்த முகம் என்றால் நிமிர்ந்து உட்கார. வீட்டில் எல்லோருக்கும் இது மனப்பாடமாக இருக்கட்டும்.

நம் ஊர் வெயிலையும் இங்கே சொல்லியாக வேண்டும். மேல்மட்டக் காயம் உள்ளவருக்கு அடிபட்ட இடத்துக்குக் கீழே வியர்க்காது. சித்திரை, வைகாசியில் தகரக் கூரைக்கு அடியில் மதியப் பயிற்சி வைத்தால் உடம்பு அடுப்பாகிவிடும். காலை 10 மணிக்குள் கடினமான பயிற்சியை முடித்துவிடுங்கள். ஈரத் துண்டும் தண்ணீர் தெளிக்கும் பாட்டிலும் பக்கத்திலேயே இருக்கட்டும்.

ஐந்தாம் படி: இன்றைய நிலையை அளந்து எழுதுங்கள்

மருத்துவமனையில் ஏஷியா மதிப்பெண், அன்றாட வேலைகளை 100-க்கு அளக்கும் "ஸ்கிம்" மதிப்பெண், நடப்பவர் என்றால் 10 மீட்டருக்கு எத்தனை விநாடி, 6 நிமிடத்தில் எவ்வளவு தூரம் என்று அளப்பார்கள். வீட்டில் நீங்களே அளக்கக்கூடியவை: கை ஊன்றாமல் எத்தனை விநாடி உட்கார முடிகிறது, உட்கார்ந்தபடி கையை எவ்வளவு முன்னே நீட்ட முடிகிறது, கட்டிலிலிருந்து வீல்சேருக்கு மாற எத்தனை நிமிடம், எத்தனை பேர் உதவி. அதோடு அவருக்கே வேண்டிய ஒரு குறிக்கோளை அவர் வாயாலேயே சொல்லவைத்து எழுதுங்கள். அந்தத் தென்னைமரத் தம்பி எழுதியது: "அம்மா இல்லாமல் பாத்ரூம் போக வேண்டும்."

ஆறாம் படி: ஒரு நாள் பயிற்சி எப்படி இருக்கும்

ஒரு நாளைக்கு 2 முதல் 3 மணி நேரம், வாரத்துக்கு 5 நாள் என்பது தீவிரப் பயிற்சிக்கு நல்ல அளவு. ஒரே மூச்சில் வேண்டாம், காலையில் ஒன்றரை மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம் என்று பிரித்துக்கொள்ளலாம். வெளிநாட்டு ஆய்வுகளில் வாரம் 9 மணி நேரம் என்று 24 வாரம் செய்தவர்களும் உண்டு. கை விரல்களுக்கு நாளைக்கு 2 மணி, வாரம் 5 நாள், 3 வாரம் என்று செய்ததும் உண்டு. ஆனால் கடிகாரத்தைவிட எண்ணிக்கையே பேச வேண்டும். ஒரு மணி நேரப் பயிற்சியில் பேசி, மாற்றி, பெல்ட் கட்டி, கடைசியில் 20 முறை மட்டும் எழுந்து உட்கார்ந்தால் அது தீவிரப் பயிற்சி இல்லை. அதே மணியில் 150 முறை அசைந்திருக்க வேண்டும். எண்ணுகிற வேலையை வீட்டில் ஒரு பிள்ளையிடம் கொடுங்கள், சந்தோஷமாகச் செய்யும்.

முதல் 15 நிமிடம் மூட்டுகளை மெதுவாக நீட்டி மடக்குவது. இங்கே இரண்டு எச்சரிக்கை. சி6 மட்டத்தில் மணிக்கட்டைத் தூக்கினால் விரல்கள் தானாக மடங்கும். டம்ளரையும் ஸ்பூனையும் பிடிக்க அவருக்கு அதுதான் பிடி. மணிக்கட்டை மேலே தூக்கிவைத்து, விரல்களையும் சேர்த்து நேராக இழுத்து நீட்டினால் அந்தப் பிடி தளர்ந்து, திரும்ப வராமலே போய்விடும். விரலை நீட்டும்போது மணிக்கட்டு கீழே மடங்கியிருக்கட்டும், மணிக்கட்டைத் தூக்கும்போது விரல்கள் மடங்கியிருக்கட்டும். நல்லது செய்வதாக நினைத்து விரல்களை உருவி உருவி நீட்டிவிட்ட வீடுகளைப் பார்க்கும்போது மனசு பதறும்.

இன்னொன்று தொடையின் பின்தசை. காலை நீட்டி உட்கார்ந்து தானே பேன்ட் போட, மல்லாந்து படுத்த நிலையில் காலை 100, 110 டிகிரி வரை தூக்க வர வேண்டும். அதே நேரம் கீழ்முதுகு கொஞ்சம் இறுக்கமாகவே இருக்கட்டும். கை ஊன்றாமல் உட்காருபவருக்கு அந்த இறுக்கம்தான் தாங்கல். முதுகை வளைத்து வளைத்து நீட்டாதீர்கள்.

அடுத்து பாய்ப் பயிற்சி. புரளுதல், முழங்கையில் நிமிர்தல், தவழும் நிலையில் நிற்றல், மண்டியிடுதல். குழந்தை கற்கும் அதே வரிசை. புரளும்போது இரண்டு கையையும் சேர்த்து எதிர்ப்பக்கம் வீசச் சொல்லுங்கள், வீச்சின் வேகம் இடுப்பை இழுத்துக்கொண்டு வரும். ஒரு காலை இன்னொன்றின் மேல் போட்டுவிட்டால் இன்னும் எளிது. பிறகு கட்டில் ஓரத்தில் உட்காரவைத்து, பாதம் தரையில் பதிந்திருக்க, பந்தை எல்லாப் பக்கமும் போட்டு எட்டிப் பிடிக்கவையுங்கள். விழப்போகிற கணத்தில் உடனே தாங்கிவிடாதீர்கள். அந்த அரை விநாடியில்தான் உடம்பு சமநிலையைத் தேடுகிறது. அருகிலேயே கையை வைத்துக்கொண்டு காத்திருங்கள். பெற்றோருக்கு இது மிகக் கடினம் என்று தெரியும். கேட்காமலே தூக்கிவிட ஓடும் கையை நிறுத்தச் சொல்லி எத்தனையோ அம்மாக்களிடம் கெஞ்சியிருக்கிறேன்.

பிறகு இடம் மாறுதல், கட்டிலிலிருந்து வீல்சேருக்கு. பலகையை வைத்துச் சறுக்கினாலும், புட்டத்தைத் தரதரவென்று இழுக்கக் கூடாது, தோல் உரியும். தலை ஒரு பக்கம் போனால் இடுப்பு எதிர்ப்பக்கம் போகும். தலையைத் தாழ்த்தி இடது பக்கம் திருப்பித் தள்ளினால் இடுப்பு எழும்பி வலது பக்கம் போகும். இந்த ஒன்று பிடிபட்டால் மூன்று பேர் தூக்கிய இடத்தில் ஒருவர் போதும்.

ஏழாம் படி: நிற்பதும் அடியெடுப்பதும்

சாய்வுப் பலகையில் 20, 30 நிமிடம் தலைசுற்றாமல் நிற்க வந்தபின், முழங்காலுக்குப் பின் பட்டை கட்டியோ, பூட்டுள்ள காலிப்பர் (காலைத் தாங்கும் சட்டம்) போட்டோ, பேரலல் பாருக்குள், அதாவது இருபக்கமும் பிடித்துக்கொள்ளும் இணைக் கம்பிகளுக்குள், நிற்கவையுங்கள். வீட்டிலும் செய்யலாம். ஊர்ப்பக்கம் சவுக்குக் கட்டைகளை நட்டு, இரண்டு பக்கமும் நீளக் கழி கட்டிவிடுவார்கள், 10 அடி நீளம் போதும். கழியின் உயரம் இடுப்பு எலும்பின் மட்டம், பிடித்து நிற்கும்போது முழங்கை லேசாக மடங்கியிருக்க வேண்டும். சிராய் இல்லாமல் தேய்த்து, பழைய சைக்கிள் டியூப் சுற்றிவிடுங்கள். நிற்பவர் இடுப்பை முன்னே தள்ளி, மார்பை நிமிர்த்தினால் இடுப்பு மூட்டின் முன்னால் உள்ள தசைநாரே உடம்பைத் தாங்கிப் பிடிக்கும். கையில் தொங்கக் கூடாது.

அடியெடுக்கும் பயிற்சியில் நான்கு விதி. காலில் எவ்வளவு எடை தாங்குமோ அவ்வளவு ஏற்றுங்கள். கையின் மேல் சாய்வதைக் குறையுங்கள். நிமிர்ந்த உடம்பும் இயல்பான வேகமும் இருக்கட்டும். பின்னால் இருக்கும் கால் நன்றாகப் பின்னே போன பிறகே தரையை விட்டு எழ வேண்டும், அந்த இடுப்பு நீட்சிதான் அடுத்த அடிக்கான சமிக்ஞையைத் தண்டுவடத்துக்கு அனுப்புகிறது. டிரெட்மில்லின் மேல் பட்டையில் தொங்கவிட்டுச் செய்யும் முறையில், ஆரம்பத்தில் உடல் எடையில் 40 சதவீதம் வரை இயந்திரம் தாங்கலாம், பிறகு படிப்படியாகக் குறைக்க வேண்டும். தொடை இடுக்கில் பட்டை உராய்ந்த இடத்தை ஒவ்வொரு முறையும் பாருங்கள்.

இந்த இயந்திரம் இருக்கிற ஊருக்குப் போக நகையை அடகு வைக்கலாமா என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். பகுதிக் காயம் உள்ள 146 பேரை வைத்து அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்த பெரிய ஆய்வு 2006-இல் வெளியானது. தொங்கு பட்டை டிரெட்மில்லில் பழகியவர்களும், அதே அளவு நேரம் தரையில் நடந்து பழகியவர்களும் ஏறத்தாழ ஒரே அளவே முன்னேறினார்கள். கால்களைத் தானே நகர்த்தித் தரும் ரோபோ இயந்திரம் பயிற்சியாளரின் இடுப்பு வலியைக் குறைக்கும், எண்ணிக்கையைக் கூட்டும், அது உண்மை. ஆனால் சவுக்குக் கழிக்குள் தினமும் நடப்பவர் எதையோ இழந்துவிட்டதாக நினைக்க வேண்டாம். மார்பு மட்டத்தில் ஏ வகைக் காயம் உள்ளவருக்கு, எத்தனை மணி நேரம் செய்தாலும் பழையபடி நடை வருவது மிக அரிது. அவரும் நிற்கலாம், நிற்க வேண்டும். ஆனால் பயிற்சி நேரத்தின் பெரும்பங்கு வீல்சேர் திறமைக்கும் தோள் பலத்துக்கும் போகட்டும்.

எட்டாம் படி: மின்தூண்டல் சைக்கிள், இழுப்பு, ஸ்டெம் செல்

தொடையில் ஒட்டும் பட்டைகள் வழியே மின்சாரம் கொடுத்துத் தசையைச் சுருங்கவைத்து சைக்கிள் மிதிக்கவைக்கலாம். தசை பருக்கும், ரத்த ஓட்டம் கூடும். ஆனால் தண்டுவடத்தின் நுனியிலோ, எல்1-க்குக் கீழே நரம்புக் கற்றையிலோ அடிபட்டு, கால் தளர்ந்து துவண்டு கிடந்தால், தசைக்குப் போகும் நரம்பே அறுந்திருக்கும். சாதாரண மின்தூண்டல் அங்கே பலன் தராது. வாங்கும் முன் ஒருமுறை சோதித்துப் பார்க்கச் சொல்லுங்கள். பேஸ்மேக்கர் உள்ளவர், கர்ப்பிணிகள், ஆறாத எலும்பு முறிவு உள்ளவர்களுக்கு வேண்டாம். உணர்வில்லாத தோலில் பட்டை சுட்டாலும் தெரியாது, எடுத்ததும் பாருங்கள்.

காலில் இழுப்பு வந்ததும் நரம்பு உயிர்த்துவிட்டது என்று வீடே கொண்டாடும். இழுப்பு தன்னிச்சையான அசைவு இல்லை. "இப்போ கட்டை விரலை மேல தூக்கு" என்று சொன்னபோது தூக்கி, "விடு" என்றபோது விட்டால்தான் அது அவருடைய அசைவு. இழுப்பு ஒரு காவல்காரன் மாதிரி. திடீரென அதிகமானால் சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், புண், எலும்பு முறிவு எதுவோ இருக்கிறது என்று பொருள். மாத்திரையைக் கூட்டும் முன் அதைத் தேடுங்கள்.

ஸ்டெம் செல் ஊசிக்கு லட்சக்கணக்கில் கேட்பவர்களிடம் பணம் கொடுக்காதீர்கள். தண்டுவடக் காயத்துக்கு அது அங்கீகரிக்கப்பட்ட சிகிச்சை இல்லை. முறையாக அனுமதி பெற்ற ஆய்வுக்குள் மட்டுமே செய்யலாம் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் வழிகாட்டு நெறி. ஆய்வில் சேர்பவரிடம் அந்த ஊசிக்குப் பணம் வாங்கக் கூடாது. வீட்டை விற்றுக் கொடுத்துவிட்டு வந்தவர்களின் முகம் எனக்கு மறக்காது.

ஒன்பதாம் படி: 4 வாரத்துக்கு ஒருமுறை நோட்டைத் திறங்கள்

முதல் நாள் அளந்ததை அதே முறையில், அதே நேரத்தில் மறுபடி அளங்கள். 12 வாரத்தில் மூன்று அளவு கிடைக்கும். தொடர்ந்து ஏறினால் அதே பாதை. ஒரு திறமை மட்டும் நின்றுவிட்டால் பயிற்சியை மாற்றுங்கள். 12 வாரம் முழுவதும் கால் மதிப்பெண் ஓர் எண்கூட ஏறவில்லை என்றால், அந்தச் செலவில் தங்கியிருப்பதைவிட, ஊருக்குத் திரும்பி வீட்டுப் பயிற்சியோடு வேலை, படிப்பு, வண்டி என்று அடுத்ததைப் பார்க்கலாம். முன்னேற்றத்தை எண்ணில் காட்டாமல் "இன்னும் மூணு மாசம் இருங்க" என்று மட்டும் சொல்லும் இடத்தில் இருக்காதீர்கள். இந்தப் பயிற்சியை எல்லோருக்கும் பொதுவாகத் திணித்துப் பார்த்த ஆய்வுகளில் பெரிய பலன் தெரியவில்லை என்பதும் உண்மை. யாருக்கு, எப்போது, எதற்காக என்று பார்த்துச் செய்வதில்தான் எல்லாம் இருக்கிறது.

எங்கே போவது? வேலூர் சி.எம்.சி.யின் மறுவாழ்வு மையம் 1966-இல் தொடங்கியது. அதற்குக் காரணமான டாக்டர் மேரி வர்கீஸ், 1954-இல் கார் விபத்தில் தண்டுவடம் அடிபட்டு, வீல்சேரில் உட்கார்ந்தபடியே அறுவை சிகிச்சை செய்தவர். சென்னை கே.கே. நகரில் அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையம் இருக்கிறது. தென்காசிப் பக்கம் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கம் இருக்கிறது. 1975-இல் கடற்படை அதிகாரிக்கான தேர்வின்போது விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன் 1981-இல் தொடங்கியது அது. முதல்முறை போகும்போது ஆபரேஷன் தாள்கள், எம்.ஆர்.ஐ. படம், மாத்திரைப் பட்டியல், அந்த நோட்டு, இவை நான்கும் கையில் இருக்கட்டும். மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கும் அப்போதே விண்ணப்பித்துவிடுங்கள், உதவித்தொகைக்கும் உபகரணங்களுக்கும் அதுதான் வாசல்.

பத்தாம் படி: வீடு திரும்பும் முன்

டிஸ்சார்ஜுக்கு இரண்டு வாரம் முன்பே வீட்டில் ஒருவர் டேப் எடுத்து அளக்க வேண்டும். வீல்சேரின் அகலம் என்ன, பாத்ரூம் கதவின் அகலம் என்ன? நம் வீடுகளில் பெரும்பாலும் அங்கேதான் மாட்டும். கதவைக் கழற்றித் திரை போட்டாலே இரண்டு அங்குலம் கிடைக்கும். வாசற்படி 1 அடி உயரம் என்றால் சாய்தளம் 12 அடி நீளம் வேண்டும். இடமில்லை என்று 4 அடியில் போட்டால் வீல்சேர் பின்பக்கமாகக் கவிழும். நேராக இடமில்லாவிட்டால் சுவரோரமாகத் திருப்பிக் கட்டலாம். கட்டில் உயரம் வீல்சேர் இருக்கையின் உயரத்துக்குச் சமமாக இருக்க வேண்டும். கால்களுக்கு அடியில் செங்கல் வைத்தோ, கொஞ்சம் அறுத்தோ சரிசெய்யலாம்.

அந்தத் தம்பியின் வீட்டில் அவனுடைய அப்பா இதையெல்லாம் முடித்துவிட்டு, முற்றத்தில் சவுக்குக் கழியும் நட்டு வைத்திருந்தார். நோட்டின் பன்னிரண்டாம் வாரப் பக்கத்தில் அவன் கையெழுத்திலேயே இருக்கிறது: "கை ஊன்றாமல் உட்கார்ந்தது 3 நிமிடம். கட்டிலிலிருந்து வீல்சேர் 50 விநாடி, உதவி இல்லை. காலிப்பர் போட்டு வாக்கரில் 10 மீட்டர். பாத்ரூம், நானே."